அக்கி மாத்திரையும் சிறுநீரகமும்

அக்கிக்கும், உதட்டிலும் பிறப்புறுப்பிலும் வரும் ஹெர்பிஸ் கொப்புளங்களுக்கும் வழக்கமாக வாய்வழியாகத் தரப்படும் மருந்துகள் மூன்று: அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர், ஃபாம்சைக்ளோவிர். இவற்றில் மூத்தது அசைக்ளோவிர். பரோஸ் வெல்கம் நிறுவனத்தின் அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் உருவான இந்த மருந்து, 1980களின் தொடக்கத்திலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அந்த ஆய்வில் முன்னின்ற கெர்ட்ரூட் எலியன் 1988இல் மருத்துவ நோபல் பரிசை வேறு இருவரோடு பகிர்ந்துகொண்டார்.

இந்த மருந்து வேலை செய்யத் தொடங்குவது வைரஸ் புகுந்த செல்லுக்குள்தான். வைரஸ் தன் தேவைக்கு வைத்திருக்கும் நொதி ஒன்றே மருந்தை முடுக்கிவிடுகிறது. அப்படி முடுக்கப்பட்ட மருந்து, வைரஸ் தன் டிஎன்ஏவைப் பின்னும்போது போலிக் கண்ணியாக இடையில் நுழைந்து சங்கிலியை அங்கேயே நிறுத்திவிடும். நலமான செல்லில் அந்த நொதி கிடையாது. ஆகவே மிச்சமுள்ள மருந்து உடலில் எதையும் பெரிதாகத் தொடாமல், பெரும்பாலும் மாறாத வடிவிலேயே சிறுநீரில் வெளியேறுகிறது. பாதுகாப்பான மருந்து என்று இது பெயரெடுத்ததற்குக் காரணம் இதுதான். இதில் நேரும் ஆபத்துகளில் பெரும்பாலானவையும் அந்தச் சிறுநீர் வழியில்தான் நேர்கின்றன.

பெருக்கத்தைத் தடுக்கும் மருந்து, பெருகி முடிந்த வைரஸை ஒன்றும் செய்யாது. நரம்பு முடிச்சுகளில் உறங்கும் வைரஸையும் அது எட்டாது. சின்ன வயதில் சின்னம்மை தந்த வைரஸ் அங்கேயே தங்கி, சிலருக்கு, பெரும்பாலும் ஐம்பது அறுபது வயதுக்குமேல், அக்கியாக வெளிவருகிறது. முதலில் உடலின் ஒரு பக்கத்தில் எரிச்சலும் குத்தலும் வரும். ஓரிரு நாளில் தோல் சிவந்து கொப்புளங்கள் வரிசை கட்டும். கொப்புளம் தென்பட்டதிலிருந்து 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்குவது நல்லது. தமிழகத்தின் பல ஊர்களில் குயவரிடம் போய்க் காவியால் ‘அக்கி எழுதும்’ வழக்கம் இன்னும் இருக்கிறது. காவியால் வைரஸ் அடங்குவதில்லை. எழுதிவிட்டு ஆறுகிறதா என்று பார்த்திருக்கும் அந்த மூன்று நாள் கைநழுவிப் போவதே பெரிய நஷ்டம். 72 மணி நேரம் கடந்தாலும் புதிய கொப்புளங்கள் வந்துகொண்டிருந்தால், அல்லது நோயாளிக்கு எதிர்ப்புச் சக்தி குறைவாக இருந்தால், மருத்துவர்கள் மாத்திரை தருவதுண்டு. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் கண் பாதிக்கப்படக்கூடும். அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அக்கிக்கு அசைக்ளோவிரின் வழக்கமான அளவு 800 மில்லிகிராம், நாளுக்கு ஐந்து வேளை, குறைந்தது ஏழு நாள். காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10 என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சரியாக வரும். விழுங்கியதில் சிறு பங்கே ரத்தத்தில் சேர்கிறது. சேர்ந்ததிலும் பாதி மூன்று மணி நேரத்துக்குள் வெளியேறிவிடுகிறது. அதனால்தான் இத்தனை வேளை. வாலாசைக்ளோவிர் உடலுக்குள் போய் அசைக்ளோவிராக மாறுவது. கூடுதலாக உறிஞ்சப்படுவதால் 1000 மில்லிகிராம் வீதம் மூன்று வேளை போதும். ஐந்து வேளையில் இரண்டை மறந்துவிடுகிறவர்களுக்கு, விலை சற்றுக் கூடினாலும் இதுவே மேல். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற கவலை வேண்டாம். ஒரு வேளை தவறினால் நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம்; அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும், இரண்டைச் சேர்த்து விழுங்கக் கூடாது. கொப்புளம் வற்றிவிட்டதென்று மூன்றாம் நாளே நிறுத்துவதும் தவறு. உதட்டுக்கும் பிறப்புறுப்புக்கும் வரும் ஹெர்பிஸுக்கு அளவும் நாள்கணக்கும் வேறு. ஆகவே வீட்டில் ஒருவருக்கு மிஞ்சிய அட்டையை இன்னொருவருக்குக் கொடுப்பது சரியல்ல.

மருந்துக் கடைகளில் பெரும்பாலும் கேட்கப்படாத கேள்வி சிறுநீரகத்தைப் பற்றியது. எழுபது வயது மூதாட்டி ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். சர்க்கரை நோய் உண்டு, மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் போடுகிறார், அக்கி வலியில் தண்ணீரும் சரியாகக் குடிப்பதில்லை. அவருக்கு முழு அளவு கொடுத்தால் மருந்து வெளியேற வழியின்றி ரத்தத்தில் தேங்கும். சிறுநீரக நுண்குழாய்களில் படிகமாகப் படிந்து அடைக்கவும் செய்யும். இரண்டு மூன்று நாளில் அவர் சம்பந்தமில்லாமல் பேசுவார், இல்லாத ஆளைப் பார்ப்பார், கை நடுங்கும், தூங்கி வழிவார். வீட்டார் இதை வயதின் கோளாறு என்றோ, பக்கவாதம் என்றோ, காற்று கருப்பு என்றோ நினைத்துக்கொண்டு அடுத்த வேளை மாத்திரையையும் கொடுத்துவிடுவார்கள். செய்ய வேண்டியது மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குப் போவது. டயாலிசிஸில் மருந்து வெளியேறும், பெரும்பாலோர் தெளிந்துவிடுகிறார்கள்.

இதைத் தடுப்பது கடினமல்ல. வயதானவர்களுக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் மாத்திரை எழுதும்போதே, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் பார்க்கப்பட வேண்டும். மெலிந்த முதியவரிடம் அந்த எண் ஒழுங்காகவே தோன்றும். வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் சிறுநீரகத்தின் உண்மை நிலை தெரியும். வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 25 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கினால் ஐந்து வேளை மூன்றாகவும், 10க்குக் கீழே போனால் இரண்டாகவும் குறைக்கப்படும். இதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ தண்ணீரைக் கட்டுப்படுத்தச் சொல்லாதவரை, மாத்திரை போடும் நாட்களில் தாராளமாகத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

கூடவே போடும் மற்ற மருந்துகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் சுமை கூட்டும். கீல்வாதத்துக்கான புரோபெனசிட் அசைக்ளோவிரை ரத்தத்தில் தங்க வைக்கும். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் எடுப்பவரிடம் அந்த மருந்தின் அளவு ஏறக்கூடும். உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. சாதாரணமாக வரும் குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு ஆகியவை பெரும்பாலும் தானே அடங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் தேவை ஏற்பட்டால் அசைக்ளோவிர் நீண்ட காலமாகவே தரப்பட்டு வருகிறது; ஆனால் மருத்துவர் எழுதிக் கொடுத்தே எடுக்க வேண்டும்.

பிறப்புறுப்பு ஹெர்பிஸ் அடிக்கடி திரும்புகிறவர்களுக்குத் தினசரி குறைந்த அளவில் மாதக்கணக்காக மாத்திரை தருவதுண்டு. நாளுக்கு 500 மில்லிகிராம் வாலாசைக்ளோவிர், துணைக்குத் தொற்றும் வாய்ப்பை ஏறக்குறைய பாதியாக்கும். மீதிப் பாதி இருப்பதால் ஆணுறையை விட்டுவிட முடியாது.

அக்கி ஆறிய பிறகும் சிலருக்கு அதே இடத்தில் மாதக்கணக்கில் எரிச்சல் நீடிக்கும். சட்டை உரசினாலே வலிக்கும். அது நரம்பு புண்பட்டதால் வரும் வலி என்பதால் அசைக்ளோவிரைத் தொடர்வதில் பயனில்லை. அதற்குக் காபாபென்டின், பிரிகாபலின் போன்ற வேறு மருந்துகள் தரப்படுகின்றன. அவையும் சிறுநீரில் வெளியேறுபவைதான். அவற்றின் அளவையும் கிரியாட்டினின் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.