கால்பைசாகி வருமுன் தோட்ட வேலை

கொல்கத்தா நெருக்கமான நகரம். தோட்டம் போட நிலம் உள்ள வீடுகள் அங்கே குறைவு. ஆனாலும் மக்கள் செடி வளர்ப்பதை விடவில்லை. மொட்டை மாடியில் தொட்டிகள் இருக்கும். பால்கனிக் கம்பியில் கொடி படர்ந்திருக்கும். வாசல் ஓரத்தில் சிவப்புச் செம்பருத்தி பூத்திருக்கும். அது காளி பூசைக்கு உரிய பூ.

லேக் மார்க்கெட் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. அவர்களுக்கு அங்கே மாதக் கணக்குப் பார்ப்பது எளிது. வங்காளிகளின் பால்குன மாதம் நமது மாசி. சைத்ர மாதம் நமது பங்குனி. இந்த இரண்டு மாதங்களும் அங்கே வசந்த காலம்.

இந்த வசந்தம் சீக்கிரம் முடிந்துவிடும். ஜனவரியில் குளிரும். ஏப்ரலில் வெயில் 35 டிகிரியையும் தாண்டும். அதற்கிடையே கால்பைசாகி வரும். கால்பைசாகி என்றால் என்ன? மார்ச் முதல் மே வரை வீசும் இடிமழைக் காற்று அது. பெரும்பாலும் பிற்பகலில் அல்லது மாலையில் வரும். வடமேற்கில் வானம் கறுக்கும். திடீரென்று பலத்த காற்று அடிக்கும். மழை கொட்டும். சில நாள் ஆலங்கட்டியும் விழும். பிறகு ஜூன் மாதத்தில் பருவமழை தொடங்கும்.

ஆகவே வசந்தத்தில் செய்யும் தோட்ட வேலை மூன்றுக்கு முன்னேற்பாடு. வெயிலுக்கு, காற்றுக்கு, மழைக்கு.

பழைய செடிகளை எடுத்தல்

குளிர் காலத்தில் கொல்கத்தாவில் பூ அதிகம். செண்டுமல்லி, சாமந்தி, டேலியா எல்லாம் பூக்கும். அலிப்பூரில் ஒரு தோட்டக்கலைச் சங்கம் இருக்கிறது. வில்லியம் கேரி என்பவர் அதை 1820இல் தொடங்கினார். குளிர் காலத்தில் அங்கே மலர்க் கண்காட்சி நடப்பது வழக்கம்.

வெயில் ஏறியதும் இந்தச் செடிகள் காயும். அப்போது முற்றிய செண்டுமல்லிப் பூக்களைப் பறியுங்கள். நிழலில் உலர்த்துங்கள். விதைகளைக் காகிதத்தில் மடித்து வையுங்கள். பொட்டலத்தின் மேல் செடியின் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். எழுதாத பொட்டலம் ஆறு மாதம் கழித்து எந்த விதை என்று தெரியாது.

மண்ணைத் தயார் செய்தல்

கொல்கத்தா மண் கங்கை ஆறு கொண்டுவந்த வண்டல். சத்துள்ள மண்தான். ஆனால் களித்தன்மை அதிகம். வெயிலில் கல்லாக இறுகும். மழையில் சேறாகும். ஆகவே தொட்டி மண்ணைக் கீழே கொட்டுங்கள். கட்டிகளை உடையுங்கள். பழைய வேர்களைப் பொறுக்குங்கள். இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிடுங்கள்.

பிறகு இரண்டு பங்கு மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய உரம் கலந்து நிரப்புங்கள். தொட்டியின் அடியில் துளை இருக்க வேண்டும். துளையின் மேல் ஓட்டுத் துண்டு ஒன்றை வையுங்கள்.

உரத்தை வீட்டிலேயே செய்யலாம். காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், கழுவிய தேயிலைச் சக்கை போதும். இவற்றைக் காய்ந்த இலையோடு மாற்றி மாற்றிப் போட்டு மூடி வையுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் மக்கிவிடும். நகரத்தின் கிழக்கே தாபா என்ற இடம் இருக்கிறது. நகரக் குப்பையைக் கொட்டிய அந்த நிலத்தில் மக்கள் நெடுங்காலமாகக் காய்கறி பயிரிட்டிருக்கிறார்கள். குப்பையும் உரமாகும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் ஒரு எச்சரிக்கை. பேட்டரி, பெயிண்ட் டப்பா, பிளாஸ்டிக் இவற்றை உரக்குழியில் போடாதீர்கள். அவற்றில் உள்ள நஞ்சு மண்ணில் கலக்கும். மண்ணிலிருந்து காய்க்கும் வரும்.

கொல்கத்தாவில் கடுகெண்ணெய்ச் சமையல் அதிகம். ஆகவே கடுகுப் புண்ணாக்கு எளிதாகக் கிடைக்கும். அதை நான்கைந்து நாள் நீரில் ஊற வைப்பார்கள். பிறகு நிறைய நீர் கலந்து, வெளிறிய தேநீர் நிறம் வந்ததும் செடிக்கு ஊற்றுவார்கள். கெட்டியாக ஊற்றினால் வேர் கருகும். ஊறும் பாத்திரத்தைத் துணியால் இறுகக் கட்டுங்கள். இல்லையென்றால் கொசு முட்டையிடும்.

விதைத்தல்

மாசிக் கடைசியில் விதைக்கலாம். வெண்டை, பாகல், பீர்க்கு, சுரை, தண்டுக்கீரை, கொடிப்பசலை எல்லாம் வெயில் காலத்துக்கு ஏற்றவை. கொடிப்பசலையை வங்காளிகள் புயீ சாக் என்பார்கள். மீன் தலை போட்டுச் சமைப்பார்கள்.

வெண்டை விதையையும் பாகல் விதையையும் இரவு முழுவதும் நீரில் ஊற வையுங்கள். ஒரு குழிக்கு இரண்டு விதை போடுங்கள். நன்கு வளரும் நாற்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். தண்டுக்கீரை சுமார் ஒரு மாதத்தில் பறிக்கலாம். வெண்டை ஏறத்தாழ 50 நாளில் காய்க்கும். விதைத்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

நீர் ஊற்றுதல்

காலையில் அல்லது மாலையில் ஊற்றுங்கள். உச்சி வெயிலில் வேண்டாம். விரலை மண்ணில் ஓர் அங்குலம் நுழைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் நீர் தேவையில்லை. மண்ணின் மேல் காய்ந்த இலை அல்லது வைக்கோல் பரப்புங்கள். ஈரம் சீக்கிரம் போகாது.

காற்றுக்கு முன் கட்டுதல்

பங்குனி பிறக்கும் முன் இந்த வேலையை முடிக்க வேண்டும். கொடிகளுக்கு மூங்கிலில் பந்தல் போடுங்கள். சணல் கயிற்றால் கட்டுங்கள். தண்டை இறுக்கிக் கட்டாதீர்கள். தண்டு பருக்க இடம் விடுங்கள்.

கைப்பிடிச் சுவரின் மேல் இருக்கும் தொட்டிகளை உடனே கீழே இறக்குங்கள். காற்றில் விழும் ஒரு தொட்டி தெருவில் போகிறவர் உயிரைப் பறிக்கும். இடி கேட்டால் மாடியை விட்டு உடனே இறங்குங்கள். செடியைக் காப்பாற்ற மேலே ஓடாதீர்கள். செடி போனால் மறுபடி நடலாம்.

தேங்கிய நீரை அகற்றுதல்

இது எல்லாவற்றிலும் முக்கியமான வேலை. 1963இல் கல்கத்தாவில் டெங்கு கடுமையாகப் பரவியது. பலர் இறந்தார்கள். பின்னாளிலும் பல முறை அந்த நோய் வந்திருக்கிறது. டெங்கைப் பரப்பும் கொசு பகலில் கடிக்கும். வீட்டைச் சுற்றித் தேங்கும் நல்ல நீரில் வளரும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, உடைந்த சட்டி, பழைய டயர் இவையே அதற்குப் போதும்.

மழை தொடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஏன் தெரியுமா? இந்தக் கொசு பாத்திரத்தின் உட்பக்கச் சுவரில், நீர் மட்டத்தை ஒட்டி முட்டையிடும். நீர் வற்றினாலும் முட்டை சாகாது. பல மாதம் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மழை நீர் பட்டதும் பொரிக்கும். அதனால் தட்டில் உள்ள நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தேங்காய் நாரால் தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இதை வசந்தத்திலேயே தொடங்குங்கள்.

முட்டை பொரித்துக் கொசுவாகிப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். ஆகவே வாரத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் எல்லா ஞாயிறும் செய்யுங்கள். உடைந்த சட்டிகளைக் கவிழ்த்து வையுங்கள். நீர்த் தொட்டியை மூடி வையுங்கள். தேய்த்துக் கழுவிய நாளைக் காலண்டரில் குறியுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள். அவர் மாடியில் பிறக்கும் கொசு நம் வீட்டுக்கும் வரும். தமிழ்நாட்டிலும் டெங்குக் கொசு உண்டு. இங்கேயும் இந்த வேலையைச் செய்யத்தான் வேண்டும். தோட்டம் நமக்குக் கீரை தரட்டும், பூ தரட்டும். காய்ச்சல் தர வேண்டாம்.