திவால் நோட்டீஸ் வந்தால் எந்த வழக்கறிஞரிடம் போவது?

வீட்டுக்கு வரும் மலாய்க் கடிதங்களைப் படித்துச் சொல்லும் வேலை நம்மில் பல குடும்பங்களில் படிக்கும் பிள்ளையின் தலையில்தான் விழுகிறது. தண்ணீர் பில், மின்சார பில் என்றால் கவலையில்லை. அப்பா நீட்டும் தாளின் தலைப்பில் 'நோத்திஸ் கெபங்க்ராபான்' என்று இருந்தால் என்ன செய்வீர்கள்?

அது திவால் நோட்டீஸ். அது வந்ததாலேயே ஒருவர் திவாலாகி விடுவதில்லை. ஆனால் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 7 நாளுக்குள் பணத்தைக் கட்ட வேண்டும், அல்லது கடன் கொடுத்தவரோடு ஓர் ஏற்பாட்டுக்கு வர வேண்டும், அல்லது நோட்டீஸை நீதிமன்றத்தில் எதிர்க்க வேண்டும். அதில் போட்டிருக்கும் தொகை கூடுதலாக இருக்கிறது என்று சொல்வதற்கும் அதே 7 நாள்தான். அதைத் தவறவிட்டால் கடன் கொடுத்தவர் அடுத்த 6 மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் திவால் மனு போடலாம். எனவே "தீபாவளி முடியட்டும், பார்க்கலாம்" என்று அலமாரியில் வைக்கிற கடிதம் அல்ல அது.

ஆகவே முதல் கேள்வி, எந்த வழக்கறிஞர் என்பது. பெரும்பாலோர் வீடு வாங்கியபோது பத்திரம் எழுதிக் கொடுத்தவரிடமே ஓடுவார்கள். அவர் நல்லவராக இருக்கலாம், நமக்குத் தெரிந்தவராகவும் இருக்கலாம். ஆனால் வீட்டுப் பத்திர வேலை வேறு, திவால் வழக்கு வேறு. "உயர் நீதிமன்றத்தில் திவால் வழக்குகளில் வாதாடியிருக்கிறீர்களா? கடனாளியின் பக்கம் நின்றிருக்கிறீர்களா?" என்று நேராகக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. இன்னொன்றும் கேளுங்கள்: "கடன் கொடுத்த அந்த வங்கிக்கு உங்கள் நிறுவனம் வேலை செய்கிறதா?" செய்கிறது என்றால் அவர் உங்கள் வழக்கை எடுக்க முடியாது. அதை முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது.

அவர் உண்மையிலேயே வழக்கறிஞர்தானா என்பதையும் பாருங்கள். தீபகற்ப மலேசியாவில் தொழில் செய்யும் வழக்கறிஞர்களின் பெயர்களை மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையத்தளத்தில் தேடலாம். ஐந்து நிமிட வேலை, அதுவும் உங்கள் வயதுக்காரர்களுக்கு. "கடனை முழுக்கத் துடைத்துத் தருகிறோம், பெயரைச் சுத்தம் செய்கிறோம்" என்று சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்து முன்பணம் கேட்கும் ஏஜெண்டுகளின் பெயர் அங்கே இருக்காது. வழக்கறிஞர் அல்லாதவர் வழக்கறிஞராகச் செயல்படுவது 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டப்படி குற்றம்.

நல்ல வழக்கறிஞரை அவர் சொல்லும் பதிலைவிட, கேட்கும் கேள்வியை வைத்தே அடையாளம் காணலாம் என்பது என் கணிப்பு. மொத்தக் கடன் எவ்வளவு? தீர்ப்பு எப்போது வந்தது? சொந்தக் கடனா, ஜாமீன் கையெழுத்தா? இந்தக் கடைசிக் கேள்விக்கு நம் சமூகத்தில் தனி எடை உண்டு. தம்பியின் காருக்கும் மச்சானின் வீட்டுக்கும் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் எத்தனை பேர்! 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பிரதிபலன் பெறாமல் கல்விக் கடனுக்கோ, சொந்தப் பயன்பாட்டுக்கான வாகனக் கடனுக்கோ, குடியிருக்கும் வீட்டுக்கடனுக்கோ ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க முடியாது. பணத்தைக் கேட்டு வழக்குப் போடலாம், திவால் நடவடிக்கைதான் எடுக்க முடியாது. மற்ற ஜாமீன்தாரர்கள் விஷயத்திலும், கடன் வாங்கியவரிடம் எல்லா வழியிலும் முயன்ற பிறகே நீதிமன்ற அனுமதியோடு வர முடியும். இதைக் கேட்காமலே கட்டணம் பேசத் தொடங்கும் வழக்கறிஞரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

தொகையும் முக்கியம். திவால் மனு போட இப்போது குறைந்தது 100,000 வெள்ளி கடன் இருக்க வேண்டும். 2017க்கு முன்பு இது 30,000 வெள்ளியாகவும், பின்னர் 50,000 வெள்ளியாகவும் இருந்தது. காப்பிக்கடையில் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் இந்தப் பழைய கணக்கில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதே காப்பிக்கடையில் "நீயே திவால் போட்டுவிடு, தொல்லை விட்டது" என்பாரும் உண்டு. கடனாளி தானே மனு போட முடியும்தான். ஆனால் போட்ட பிறகு நீதிமன்ற அனுமதி இல்லாமல் திரும்பப் பெற முடியாது. திவாலானவர் அனுமதியின்றி வெளிநாடு போக முடியாது, நிறுவன இயக்குநராக இருக்க முடியாது. வீடு அடமானத்தில் இருந்தால் வங்கி அதை ஏலம் விடுவதும் நிற்காது. 3 ஆண்டில் தானாக விடுதலை கிடைக்கும் என்று சொல்வது பாதி உண்மை. சொத்து, கடன் விவர அறிக்கையைத் தாக்கல் செய்த நாளிலிருந்துதான் அந்த 3 ஆண்டு தொடங்குகிறது, நிர்ணயித்த தொகையையும் கட்டியிருக்க வேண்டும். அறிக்கையைக் கொடுக்காமல் இழுத்தடித்தால் விடுதலையும் தள்ளிப்போகும்.

இதனால் திவாலுக்கு முந்திய வழிகளைப் பற்றிப் பேசுகிறாரா என்று கவனியுங்கள். பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏகேபிகே, கடனைச் சீரமைத்துக் கட்டும் திட்டத்துக்கு இலவசமாக உதவுகிறது. நீதிமன்றத்தில் 90 நாள் இடைக்கால ஆணை பெற்று, கடன் கொடுத்தவர்களோடு தன்னார்வ ஏற்பாட்டுக்கு வரும் வழியும் உண்டு. திவால் ஆணை வந்த பிறகு அந்தக் கதவு மூடிவிடும்.

கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள்: எந்த வேலை வரைக்கும், நீதிமன்றச் செலவு தனியா, நேரில் வாதாடப்போவது அவரா வேறொருவரா? கொடுக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கும் ரசீது. கிராணியோடு மட்டுமே பேசிவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். வசதி குறைந்தவர்கள் மாநில வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில், இந்த வழக்கை ஏற்பார்களா என்று முதலில் விசாரிக்கலாம்.

முதல் சந்திப்புக்கு நோட்டீஸ், தீர்ப்பின் நகல், கடன் ஒப்பந்தங்கள், சம்பளச் சீட்டு எல்லாம் வேண்டும். நோட்டீஸ் எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்பதை மறக்காமல் குறித்து வையுங்கள். அவசரப்பட்டு ஈபிஎஃப் பணத்தை எடுத்துக் கடனை அடைக்க அப்பா நினைத்தால், வழக்கறிஞரைப் பார்க்கும் வரை பொறுக்கச் சொல்லுங்கள். அந்த நிதியில் இருக்கும் சேமிப்பு திவால் சொத்தில் சேராது. அப்பாவின் கடன் உங்கள் பெயரிலும் ஏறாது, நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் தவிர. அறையில் ஆங்கிலத்திலோ மலாயிலோ பேசப்படுவதை அப்பாவுக்குத் தமிழில் சொல்லி, அடுத்த தேதியை எழுதி வாங்கிக்கொண்டு வருவது உங்கள் பொறுப்பு.