நாய்க்கு வாய் மூடவில்லையா? கையை விடாதீங்க!

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



மாட்டுக்கு மடி வீங்கினால் அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிப்போகிறோம். ஆனால் களத்தையும் ஆட்டுப்பட்டியையும் காவல் காக்கிற நாய் இரண்டு நாள் சாப்பிடவில்லையென்றால், 'எங்கேயாவது தின்னிருக்கும்' என்று விட்டுவிடுகிறோம். நாய்க்கு வரும் நோய்களில் சில நம்முடைய உயிருக்கே ஆபத்தானவை. அதனால் அவற்றின் அறிகுறிகளைத் தெரிந்துகொள்வது அவசியம்.

காலையில் சோறு வைக்கும்போது ஒரு நிமிஷம் நின்று பாருங்க. கூப்பிட்டால் வருகிறதா? நடை நேராக இருக்கிறதா? கண் தெளிவாக இருக்கிறதா? நல்ல நாய்க்குக் கீழ் இமையின் உள்பக்கம் இளஞ்சிவப்பாக இருக்கும். வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். மஞ்சளாக இருந்தால் எலிக் காய்ச்சலாக இருக்கலாம். அது நாயின் சிறுநீர் வழியாக மனுஷனுக்கும் தொற்றும். குட்டி வாந்தி எடுத்து ரத்தமாகக் கழிந்தால் பார்வோ நோயாக இருக்கலாம். தாமதித்தால் ஓரிரு நாளில் செத்துப்போகும். இவை எதற்கும் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது.

எல்லாவற்றிலும் கொடியது வெறிநோய். வெறிநாய் என்றதும், கண்டவரையெல்லாம் துரத்திக் கடிக்கும் நாய்தான் நம் நினைவுக்கு வரும். அது ஒரு வகை. இன்னொரு வகை ஊமை வெறி. இதில் நாய் யாரையும் துரத்தாது. இருட்டு மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். குரல் கரகரவென்று மாறும். கீழ்த்தாடை தொங்கிப்போய் வாய் மூடாது. விழுங்க முடியாததால் எச்சில் வடிந்துகொண்டே இருக்கும். பின்னங்கால் தள்ளாடும்.

இதைப் பார்த்ததும் நம்மவர்கள், 'பாவம், தொண்டையிலே எலும்பு சிக்கிக்கிச்சு' என்று வாய்க்குள் கையை விட்டுத் துழாவுகிறார்கள். இதுதான் பெரிய ஆபத்து. வெறிநோய்க் கிருமி அந்த எச்சிலில்தான் இருக்கிறது. கையில் களை வெட்டிய சிராய்ப்பு ஒன்று இருந்தால் போதும், நாய் கடிக்காமலே நோய் வந்துவிடும். வெறிநாய் கடித்த மாடும் இப்படித்தான் எச்சில் ஒழுக நிற்கும். அதன் வாயிலும் கையை விடாதீங்க.

'தண்ணீரைக் கண்டு பயப்படவில்லையே, அப்போ வெறி இல்லை' என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. வெறி பிடித்த நாய் தண்ணீரில் வாய் வைக்கும், விழுங்கத்தான் முடியாது. நோய்க்குறி தெரிந்தபின் பத்து நாளுக்குள் பெரும்பாலும் இறந்துவிடும். குறி தெரிவதற்குச் சில நாள் முன்பே எச்சிலில் கிருமி வந்துவிடுகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

அப்படிப்பட்ட நாயைத் தொடாமல், கதவைச் சாத்தி வைத்துவிட்டுக் கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்புங்க. கடி பட்டாலோ, காயத்தில் எச்சில் பட்டாலோ, பம்புசெட் தண்ணீரிலோ குழாயடியிலோ சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் அப்ப வேண்டாம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. தொப்புளைச் சுற்றிப் போட்ட பழைய ஊசிக்குப் பயந்து இன்னமும் சிலர் தயங்குகிறார்கள். அந்த ஊசி 2005-க்குள் நம் நாட்டில் நின்றுபோயிற்று. இப்போது புயத்தில்தான் போடுகிறார்கள். முதல் நாள் போட்டபின் 3, 7, 28-ஆம் நாட்களிலும் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். ரத்தம் வந்த கடியாக இருந்தால் காயத்திலேயே போடுகிற மருந்தும் உண்டு, கேட்டுப் போட்டுக்கொள்ளுங்க. 'நாய் சாகிறதா பார்ப்போம்' என்று காத்திருக்க வேண்டாம். மனுஷனுக்கு நோய்க்குறி தெரிந்துவிட்டால் அப்புறம் காப்பாற்ற வழியில்லை.

குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மருத்துவர் சொல்கிறபடி ஆண்டுதோறும் தொடர்ந்து போட்டு வந்தால் இந்தப் பயமே வேண்டாம். பழகிய நாயின் குணம் திடீரென்று மாறினால் அதை நோயென்றே எடுத்துக்கொள்ளுங்க. விலகி நின்று மருத்துவரைக் கூப்பிடுங்க.