உடைந்த பெஞ்சு, உடைந்த எண்

பேருந்து ஓட்டுநர் பிரேக் பிடிக்கிறார். தொலைக்காட்சித் தொகுப்பாளர் சின்ன பிரேக் விடுகிறார். திரையின் அடியில் பிரேக்கிங் நியூஸ் ஓடுகிறது. டென்னிஸில் டை-பிரேக், காதலில் பிரேக்-அப், வாய்ப்புத் தேடி அலைந்த நடிகருக்கு முதல் வெற்றிப் படம் ஒரு பிரேக். மோட்டார் வாகன ஆய்வாளரைக்கூட நம் ஊரில் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

இவற்றில் வண்டியின் பிரேக்குக்கு மட்டும் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டல் வேறு. அது தனிச்சொல். ஆனாலும் தூரத்துச் சொந்தம்தான். ஆளிச் செடியின் தண்டை நசுக்கி நார் எடுக்கும் கருவிக்கு இடைக்கால டச்சு மொழியில் வழங்கிய பெயரிலிருந்து அது வந்திருக்கலாம் என்கின்றன அகராதிகள். அந்தக் கருவியின் பெயரே உடைத்தல் என்ற வினையில் பிறந்ததுதான்.

அந்த வினை பழைய ஆங்கிலத்தில் 'பிரெக்கன்'. டச்சில் இன்றும் 'பிரேக்கன்', ஜெர்மனில் 'பிரெஹன்'. லத்தீனில் இதே பொருளுக்கு 'ஃப்ராங்கெரே' என்ற சொல் இருந்தது. இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்பதைக் காதால் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. தேவதைக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவரான யாக்கோப் கிரிம், 1822-ல் வெளியிட்ட ஜெர்மானிய இலக்கண நூலில் இத்தகைய ஒலி மாற்றங்களை ஒழுங்குபடுத்திக் காட்டினார். லத்தீனில் 'ஃப' ஒலியில் தொடங்கும் எத்தனையோ சொற்கள் ஆங்கிலத்தில் 'ப' ஒலியில் தொடங்குகின்றன. அங்கே 'ஃப்ராத்தெர்', இங்கே 'பிரதர்'. அங்கே 'ஃப்ராங்கெரே', இங்கே 'பிரேக்'.

பாட்டன் சொத்தாகக் கிடைத்த பிரேக் ஆங்கிலத்தின் கையில் ஏற்கெனவே இருந்தது. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற பிறகு, பிரெஞ்சு வழியாகவும் படித்தவர்களின் லத்தீன் வழியாகவும் அதன் பங்காளிகள் வந்து சேர்ந்தார்கள். எலும்பு முறிந்தால் ஃப்ராக்சர். உடைந்த துண்டு ஃப்ராக்மென்ட். கூரியர் பெட்டியில் கண்ணாடிக் கோப்பைப் படத்துடன் ஒட்டியிருக்கும் ஃப்ராஜைல், எளிதில் உடையக்கூடியது. நோயில் மெலிந்த உடலைச் சொல்லும் ஃப்ரெயில், அந்த ஃப்ராஜைலே பிரெஞ்சுக்காரர் வாயில் தேய்ந்த வடிவம்.

இந்தக் குடும்பத்தில் என்னை மிகவும் ஈர்ப்பது ஃப்ராக்ஷன். பள்ளிக்கூடத்தில் நாம் படித்த பின்னக் கணக்குதான். 12-ஆம் நூற்றாண்டில் அரபுக் கணித நூல்களை லத்தீனில் பெயர்த்தவர்கள், பின்னத்துக்கு அரபியர் வைத்திருந்த 'கஸ்ர்' என்ற சொல்லை எதிர்கொண்டார்கள். அதற்கு உடைப்பு என்று பொருள். ஆகவே லத்தீனிலும் உடைப்பு என்றே எழுதினார்கள். பழைய ஆங்கிலக் கணித நூல்கள் பின்னங்களை 'உடைந்த எண்கள்' என்று வெளிப்படையாகவே அழைத்தன.

நம் 'பின்னம்' எங்கிருந்து வந்தது? வடமொழியின் 'பின்ன', அதாவது உடைந்தது, பிளந்தது. பாஸ்கராச்சாரியார் 12-ஆம் நூற்றாண்டில் எழுதிய லீலாவதியில் பின்னக் கணக்குகளுக்கு இதுதான் பெயர். கை கால் உடைந்த சிலையைக் கோயில்களில் 'பின்னமாகிவிட்டது' என்று சொல்வதும் இந்தச் சொல்லால்தான். அதன் வேரான 'பித்', பிளத்தல், நாம் புழங்கும் 'பேதம்' என்ற சொல்லிலும் இருக்கிறது. அணுப்பிளவைக் குறிக்கும் ஃபிஷனும், கடித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான பைட்டும் இந்த வேரின் உறவுகளே. தமிழருக்கென்று 'கீழ்வாய் இலக்கம்' என்ற தனிப்பெயரும், மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) என்று நுணுகிச் செல்லும் அளவுகளும் இருந்தன. பாடப்புத்தகத்தில் நிலைத்தது பின்னம்.

உடைந்ததைக் கூட்டிச் சேர்ப்பதும் கணிதத்தில் உண்டு. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பில் இருக்கும் 'அல்-ஜப்ர்' என்பதுதான் அல்ஜீப்ரா ஆனது. அரபியில் அது முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவதையும் குறிக்கும். ஸ்பெயினில் எலும்பு கட்டும் வைத்தியரை 'அல்ஜெப்ரிஸ்தா' என்று அழைத்த காலம் ஒன்று இருந்தது.

பணம் உடைந்த கதைக்கு வேர் வேறு, கருத்து ஒன்றே. இத்தாலியில் காசு மாற்றுபவர்கள் பெஞ்சு போட்டு வியாபாரம் செய்தார்கள். அந்தப் பெஞ்சுதான் 'பங்கா', நம் பேங்க். நொடித்துப்போனால் 'பங்கா ரோத்தா', உடைந்த பெஞ்சு. கடன் கட்ட முடியாதவரின் பெஞ்சை உண்மையிலேயே உடைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. உருவகமாகவே பிறந்த சொல்லாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அது ஆங்கிலத்தில் பேங்க்ரப்ட் ஆனது. டச்சுக்காரர் வாயில் 'பங்கரூட்' ஆனது. 1658-ல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த டச்சுக்காரர்கள் விட்டுச்சென்ற சொற்களில் அதுவும் ஒன்று. 2022 ஏப்ரலில் இலங்கை அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியபோது, அந்நாட்டின் தமிழ் இதழ்களில் திரும்பத் திரும்ப வந்த 'வங்குரோத்து' அந்த உடைந்த பெஞ்சுதான். தமிழ்நாட்டில் நாம் திவால் என்போம், மஞ்சள் கடுதாசி என்போம்.

பிரேக்ஃபாஸ்ட், இரவு முழுதும் இருந்த நோன்பை முறிப்பது. ரமலானில் தமிழ் முஸ்லிம்கள் நோன்பைத் 'திறக்கிறார்கள்'. எனக்கு அதுவே அழகாகப் படுகிறது.

புதிய கிளையும் ஒன்று துளிர்த்திருக்கிறது. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடத்தில் நடந்த கொண்டாட்டத்தில், கூல் ஹெர்க் என்ற ஜமைக்கா வம்சாவளி இளைஞர் இசைத்தட்டுகளை ஓட்டினார். பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்துக்குப் பெயர் பிரேக். கூட்டம் அந்தச் சில விநாடிகளுக்குத்தான் காத்திருந்து ஆடுகிறது என்பதை அவர் கவனித்திருந்தார். ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி அந்தத் தாளத்தை நீட்டினார். அதற்கு ஆடியவர்களின் ஆட்டம் பிரேக்கிங். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் அது போட்டியாகவே நடந்தது. பெண்கள் பிரிவில் ஜப்பானின் அமி தங்கம் வென்றார்.

ஒரே சொல்லை இவ்வளவு தூரம் இழுப்பது எல்லா மொழிக்கும் இயல்பல்ல. நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், வெட்டுதல், உடைத்தல், கிழித்தல் போன்ற செயல்களைக் காட்டும் 61 காணொளித் துண்டுகளை 28 மொழிகள் பேசுவோரிடம் காட்டி, என்ன நடக்கிறது என்று கேட்டார்கள். 2007-ல் வெளியான அந்த ஆய்வில் தமிழும் உண்டு. தமிழ், இந்தி பற்றிய பகுதியைப் புவனா நரசிம்மன் எழுதினார். பானைக்கும் குச்சிக்கும் கயிற்றுக்கும் ஆங்கிலேயர் பிரேக் ஒன்றையே சொல்லிவிடலாம். நமக்குப் பானை உடையும், குச்சி ஒடியும், கயிறு அறும், கண்ணாடி நொறுங்கும். எது எப்படிப் போனது என்பதை வினையே சொல்லிவிடுகிறது.

கணக்கு ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பின்னப் பாடத்தைத் தொடங்கும் நாளில், அந்தச் சொல்லுக்கு உடைந்தது என்று பொருள் என்பதை மாணவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். ஒரு கடலை மிட்டாயை அவர்கள் கையாலேயே உடைக்கச் சொல்லுங்கள். அரையையும் கால் பங்கையும் கூட்ட வேண்டுமென்றால் அரையை இரண்டு கால் துண்டுகளாக்க வேண்டும் என்பதை அவர்களே சொல்வார்கள். பகுதிகளைச் சமமாக்கும் விதியை அதற்குப் பிறகு கரும்பலகையில் எழுதலாம்.