‘சீக்கிரம்’ எல்லாமே ‘ஃபாஸ்ட்’ ஆகுமா?



“நான் காலையில சீக்கிரம் எழும்பினேன்” என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், ‘ஐ வோக் அப் ஃபாஸ்ட்’ என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. வாக்கியத்தில் எழுத்துப்பிழை இல்லை, காலமும் சரி. ஆனால் சொல்ல வந்தது மாறிப் போகிறது. படிப்பவருக்கு அது ‘படக்குன்னு கண் முழிச்சான்’ என்றுதான் படும். காலை ஐந்து மணியா, பத்து மணியா என்பது அதில் இல்லை. எழுத வேண்டியது ‘ஐ வோக் அப் எர்லி’.

இந்தத் தடுமாற்றம் ஏன் வருகிறது? நம்முடைய ‘சீக்கிரம்’ பல வேலை செய்கிற சொல். ஆங்கிலத்தில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ஆள்.

1. கேள்வி கேட்டுப் பாருங்கள்

ஆங்கிலச் சொல்லைத் தேடுவதற்கு முன், தமிழ் வாக்கியத்திடம் ஒரு கேள்வி கேளுங்கள்.

• எத்தனை மணிக்கு? “நாளைக்குப் பெரட்டு இருக்கு, சீக்கிரம் எழும்பணும்.” வழக்கமான நேரத்துக்கு முன்பு. இது ‘எர்லி’.
• எவ்வளவு நேரத்துல? “சீக்கிரம் சாப்பிட்டு முடி.” குறைந்த நேரத்தில் வேலை முடிகிறது. இது ‘குவிக்லி’.
• இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு? “அப்பா சீக்கிரம் வந்துடுவார்.” கொஞ்ச நேரத்தில் நடக்கப் போகிறது. இது ‘சூன்’.
• மணிக்கு எத்தனை கிலோமீட்டர்? “அந்த மோட்டார் வேகமா போகுது.” ஓட்டத்தின் வேகம். இது ‘ஃபாஸ்ட்’.

எஸ்.பி.எம். ஆங்கில எழுத்துத் தாளின் முதல் பகுதியில், சுமார் 80 சொற்களில் நண்பருக்கு மின்னஞ்சல் எழுத வேண்டும். முடிவில் ‘ப்ளீஸ் ரிப்ளை ஃபாஸ்ட்’ என்று எழுதினால் அதட்டுவது போலக் கேட்கும். ‘ஹோப் டு ஹியர் ஃப்ரம் யூ சூன்’ என்று முடியுங்கள்.

2. மலாய் மொழி கைகொடுக்கும்

ஜித்ரா, அலோர் ஸ்டார் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. மலாயில் ‘லாஜு’ வேறு, ‘செப்பாட்’ வேறு என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். நெடுஞ்சாலையில் ‘ஹாட் லாஜு 110’ என்ற பலகையைப் பார்த்திருப்பார்கள். அது மணிக்கு 110 கிலோமீட்டர், ஓட்டத்தின் வேகம். ஆகவே ‘லாஜு’ பெரும்பாலும் ‘ஃபாஸ்ட்’. வேலை நேரத்தோடு முடிவதைச் சொல்லும் ‘செப்பாட்’ பெரும்பாலும் ‘குவிக்’.

‘பெரும்பாலும்’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘ஃபாஸ்ட் லேர்னர்’, ‘குவிக் லேர்னர்’ இரண்டுமே சரி. துரித உணவு ‘ஃபாஸ்ட் ஃபுட்’தான், ‘குவிக் ஃபுட்’ என்று யாரும் சொல்வதில்லை. இப்படிப்பட்ட தொடர்களை அப்படியே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

3. நான்கு பெயரடைகள்

ஃபாஸ்ட்: வேகமாக ஓடக்கூடிய ஆள், வாகனம். ‘எ ஃபாஸ்ட் ரன்னர்’, ‘எ ஃபாஸ்ட் டிரெயின்’.

குவிக்: சட்டென்று முடியும் செயல். ‘எ குவிக் ஆன்சர்’, ‘எ குவிக் ஷவர்’.

ரேபிட்: மாற்றம், வளர்ச்சி, பரவல். ‘ரேபிட் குரோத்’. மனிதரை ‘ரேபிட் பாய்’ என்று சொல்ல மாட்டோம்.

ஸ்விஃப்ட்: எழுத்து நடைக்கு ஏற்றது. வேகத்தோடு ஒரு லாவகமும் இருக்கும்.

நம் ஊர் வரலாற்றிலிருந்தே ஓர் உதாரணம். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை ஜித்ராவில் பிரிட்டிஷ் தற்காப்பு வரிசையை உடைத்தது. 1942 ஜனவரி 31-க்குள் பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூருக்குப் பின்வாங்கிவிட்டன. இந்த முன்னேற்றத்தைக் கட்டுரையில் ‘எ ரேபிட் அட்வான்ஸ்’ அல்லது ‘எ ஸ்விஃப்ட் அட்வான்ஸ்’ என்று எழுதினால் பொருத்தமாக இருக்கும்.

4. புள்ளி போகும் மூன்று இடங்கள்

• ‘ஹி ரன்ஸ் ஃபாஸ்ட்லி’ தவறு. ‘குவிக்’ வினையடையாகும்போது ‘குவிக்லி’ ஆகும். ‘ஃபாஸ்ட்’ மாறாது. ‘ஹி ரன்ஸ் ஃபாஸ்ட்’ என்றே எழுதுங்கள்.
• ‘மோர் ஃபாஸ்டர்’ தவறு. ‘ஃபாஸ்டர்’ என்பதிலேயே ஒப்பீடு இருக்கிறது. ‘தி டிரெயின் இஸ் ஃபாஸ்டர் தன் தி பஸ்’ போதும்.
• ‘அட் ஃபாஸ்ட் ஸ்பீட்’ வேண்டாம். தமிழில் ‘வேகமான வேகம்’ என்று சொல்வோமா? ‘அட் ஹை ஸ்பீட்’ என்பதே வழக்கு.

5. வேகமே இல்லாத ‘ஃபாஸ்ட்’

இந்தச் சொல்லின் பழைய பொருள் ‘உறுதியான’, ‘அசையாத’ என்பது. அதனால்தான் ஆழ்ந்து தூங்குபவரை ‘ஃபாஸ்ட் அஸ்லீப்’ என்கிறார்கள். விரதத்துக்கும் ‘ஃபாஸ்ட்’ என்றுதான் பெயர். இரவு முழுதும் சாப்பிடாமல் இருந்ததை முறிப்பதால் காலை உணவு ‘பிரேக்ஃபாஸ்ட்’ ஆனது. ‘மை வாட்ச் இஸ் ஃபைவ் மினிட்ஸ் ஃபாஸ்ட்’ என்றால், கடிகாரம் ஐந்து நிமிடம் முன்னால் காட்டுகிறது என்று பொருள். வாசிப்புப் பகுதியில் இவை வந்தால் குழம்ப வேண்டாம்.

6. பயிற்சி

எர்லி, சூன், குவிக், ஃபாஸ்ட், ரேபிட்: எது எங்கே வரும்?

அ. பேருந்து இன்னைக்குப் பத்து நிமிஷம் சீக்கிரமா வந்துடுச்சு.
ஆ. பள்ளி வட்டாரத்துல இவ்வளவு வேகமா கார் ஓட்டாதீங்க.
இ. போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன பார்வை பார்த்துட்டுப் போ.
ஈ. ஊரின் மக்கள்தொகையில் விரைவான வளர்ச்சி.
உ. தேர்வு முடிவு சீக்கிரம் வரும்.

விடை: அ. எர்லி, ஆ. ஃபாஸ்ட், இ. குவிக், ஈ. ரேபிட், உ. சூன்.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை: விடை தவறினால் உடனே ஆங்கிலச் சொல்லைக் கொடுத்துவிட வேண்டாம். முதல் பகுதியில் உள்ள கேள்வியையே திரும்பக் கேளுங்கள். “எத்தனை மணிக்கா, எவ்வளவு நேரத்துலயா?” என்று கேட்டதும் பல பிள்ளைகள் தாங்களே திருத்திக்கொள்வார்கள். தேர்வு மண்டபத்தில் நாம் பக்கத்தில் இருக்க மாட்டோம். அந்தக் கேள்வி அவர்களோடு இருக்கும்.