மாலைக்குள் மறையும் சங்கிலி

பிறர் குறையைப் பழிக்கும் எழுத்தை அங்கதம் என்று குறிக்கும் தொல்காப்பியம், நேரடியாகப் பழிப்பதை ஒரு வகையாகவும், பழியை மறைத்துச் சொல்வதை மற்றொரு வகையாகவும் பகுக்கிறது. விலங்குகளுக்கு மனிதர் இழைக்கும் கொடுமையை எழுத இவற்றுள் எது ஏற்றது என்பதை ஆராய ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் பொருத்தமான களங்கள். அங்கே விலங்கின் துன்பம் பல வேளைகளில் மரியாதையின் கோலத்தில்தான் வருகிறது.

மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில், கோயில் யானைகளின் நலனுக்கென்றே நடத்தப்பட்ட புத்துணர்வு முகாமில், 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் யானை ஜெயமால்யதாவைப் பாகனும் உதவியாளரும் அடித்த காணொளி பரவி, இருவரும் கைதானார்கள். 2022இல் மீண்டும் சர்ச்சை எழ, யானையின் சொந்த மாநிலமான அசாம் அதைத் திருப்பிக் கேட்டது. அந்தக் காணொளி செய்தது நேரடிப் பழிப்பு. அதன் வலிமை பெரிது. ஆனால் சினம் முழுவதும் கோல் பிடித்த கையோடு நின்றுவிடுவதால், கூட்டமாக வாழும் இயல்புடைய விலங்கைத் தனியே சங்கிலியில் நிறுத்தி, நெற்றிப்பட்டம் சூட்டி, காசு கொடுத்து அதனிடம் ஆசி பெறும் பக்தர் தம்மைக் குற்றமற்றவராகவே எண்ணிக்கொள்கிறார். ஆயிரம் யானைகள் சூழ மணமகன் வருவதாகக் கனாக் கண்டு பாடிய ஆண்டாளின் ஊரில் இது நிகழ்வதை எந்த அங்கத எழுத்தாளரும் கற்பனை செய்யவேண்டியதில்லை.

அந்தப் பக்தரைத் தொடக்கூடியது வஞ்சப்புகழ்ச்சி, அதாவது புகழ்வதுபோல் இகழ்வது. பாரதியின் குயில் பாட்டில் குயில் குரங்கின் அழகை வியந்து பாடுகிறது. புகழ் குரங்குக்குப் போக, அடி முழுவதும் தம்மை உயர்வாக எண்ணும் மனிதர்மேல் விழுகிறது. ஆங்கில எழுத்தாளர் அன்னா சிவெல் 1877இல் வெளியிட்ட ‘பிளாக் பியூட்டி’ நாவலோ நகைக்காமல் இணங்கவைக்கும் வழியைத் தேர்ந்தது: குதிரையே தன் கதையைச் சொல்ல, வண்டிக்கு அழகு என்று சீமான்கள் கருதிய, குதிரையின் தலையை வலிந்து நிமிர்த்தும் வார், வதைக்கருவியாகத் தெரியத் தொடங்கியது.

இராஜபாளையம் நாயின் கதையும் அழகின் விலைதான். 2005இல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற இவ்வினத்தில், தூய வெண்ணிறத்தை விரும்பித் தேர்ந்து இனப்பெருக்கம் செய்ததால், அந்நிறத்தோடு மரபுவழியே சேர்ந்துவரும் காதுகேளாமை பல குட்டிகளுக்கு வாய்த்தது. இங்கே அடித்தவர் எவருமில்லை. வெள்ளைக் குட்டியைக் கேட்டு வாங்கியவர்களே இருக்கிறார்கள், அவர்கள் நாயை நேசிப்பவர்களும்கூட.

அடித்தவர் இருக்கும் வழக்குகளுக்கோ 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் உண்டு. முதல் குற்றத்துக்கு அது விதித்த அபராதம் குறைந்தது 10 ரூபாய், கூடினால் 50 ரூபாய். அங்கதம் எழுத முனைபவர் ஒரு சொல்லும் மாற்றாமல் எடுத்தாளக்கூடிய பகுதி அது.