கிராஞ்சிக்கு வரும் விருந்தாளிப் பருந்துகள்

கோயில் குடமுழுக்கின்போது கோபுரத்துக்கு மேலே கருடன் வட்டமிடுகிறதா என்று அண்ணாந்து பார்ப்பது நம் மக்களின் வழக்கம். அந்தக் கருடன், அதாவது செம்பருந்து, சிங்கப்பூரிலேயே கூடு கட்டி வாழும் பறவை. ஆனால் ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை வேறு சில பருந்துகளும் இந்தத் தீவின் வானத்தில் தென்படுகின்றன. அவை வெளியூர் விருந்தாளிகள். அவற்றைக் காண ஏற்ற இடங்களுள் ஒன்று கிராஞ்சி சதுப்புநிலம்.

விருந்தாளிகளில் முக்கியமானது தேன்பருந்து. சைபீரியாவிலும் ஜப்பானிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு முன் தெற்கே கிளம்பிவிடும். பெயரில்தான் தேன். அது விரும்பித் தின்பது தேனீ, குளவிக் கூடுகளில் உள்ள புழுக்களை. கொட்டு படாமலிருக்க முகத்தில் செதில் போன்ற கெட்டியான இறகுகள் உண்டு.

இவை ஏன் சிங்கப்பூர் வழியாக வருகின்றன? வெயிலில் தரை சூடாகும்போது வெப்பக் காற்று மேலெழும். பருந்துகள் அதில் ஏறி, இறக்கையை அதிகம் அடிக்காமலேயே நெடுந்தூரம் மிதந்து செல்லும். கடலுக்கு மேலே அந்த வசதி குறைவு. ஆகவே பல பருந்துகள் தாய்லாந்து, மலேசியா என்று நிலத்தை ஒட்டியே வருகின்றன. நிலம் முடியும் முனை சிங்கப்பூர். காலை வெயில் ஏறிய பிறகே பருந்துகளை அதிகம் காண முடிவதற்கும் இதுவே காரணம்.

கிராஞ்சி ஆற்றை 1970களில் அணை கட்டி நீர்த்தேக்கமாக்கியபோது, தாழ்வான ஓரங்களில் நீர் தேங்கிச் சதுப்புநிலம் உருவானது. சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் 2008ல் அதைத் தத்தெடுத்தது. 56.8 ஹெக்டர் பரப்புள்ள அந்த இடம் 2016 பிப்ரவரியில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அங்கே பருந்து பார்க்கவென்றே 10 மீட்டருக்கும் அதிக உயரமான கோபுரம் ஒன்று உண்டு. அது பாதுகாக்கப்பட்ட உள்பகுதியில் இருப்பதால் வழிகாட்டியுடன்தான் செல்ல வேண்டும்.

சதுப்புநிலத்தைக் காத்தால் போதுமா? பருந்துக்கு வேலி தெரியாது. சுற்றியுள்ள மரங்களில்தான் அது இளைப்பாறும். குளவிக் கூடும் அங்கேதான் இருக்கும். கிராஞ்சி சாலை அருகே வேளாண் உணவுப் பூங்காவுக்கான நிலத்தில் சுமார் 4.5 ஹெக்டர் பசுமை, உரிய ஒப்புதலுக்கு முன்பே அழிக்கப்பட்டது 2021ல் தெரியவந்தது. உணவு உற்பத்திக்கு நிலம் தேவை என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வெட்டிய காட்டை மறுபடி வளர்க்கப் பல்லாண்டுகள் ஆகும் என்பதே பலரின் ஆதங்கம்.

ஆறுதலான செய்தியும் உண்டு. சுங்கை பூலோவையும் கிராஞ்சியையும் இணைத்து, சுமார் 400 ஹெக்டர் பரப்புள்ள இயற்கைப் பூங்காக் கட்டமைப்பு 2020ல் அறிவிக்கப்பட்டது.

அக்டோபரில் ஒரு முற்பகல் நேரம் கிடைத்தால், தொப்பியும் தண்ணீரும் தொலைநோக்கியும் எடுத்துக்கொண்டு பிள்ளைகளுடன் கிராஞ்சிக்குப் போய் வரலாம். கருடனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கை, சைபீரியாவிலிருந்து வந்த அதன் உறவுக்காரரையும் ஒருமுறை சுட்டிக்காட்டட்டும்.